மருந்தடிச்சவன் மயங்கி விழுந்தா மோர் ஊத்தாதீங்க



புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளம் முழங்கால் உசரம் வந்தாச்சு. குருத்துக்குள்ள படைப்புழுவோட எச்சம் மரத்தூள் மாதிரி கிடக்கு. இனி எங்க பக்கம் எந்தக் காட்டுக்குப் போனாலும் ஸ்பிரேயர் சத்தம்தான். பருத்திக்காரங்களுக்கும் இதே பாடுதான். கூடவே வருஷா வருஷம் வர்ற இன்னொண்ணும் வந்துரும். "விவசாயிகள் கையுறை, முகக்கவசம் அணிந்து பாதுகாப்பாக மருந்து தெளிக்க வேண்டும்" அப்படிங்கிற அறிவிப்பு. பேப்பர்ல ஓரமா நாலு வரி வரும். அதோட எல்லாரும் கடமை முடிஞ்சதுன்னு கையைக் கழுவிக்குவாங்க. நிஜமா கை கழுவ வேண்டியவன், கழுவத் தண்ணி இல்லாம வரப்புல நிப்பான்.

நான் இன்னைக்கு எழுத வந்தது அந்தத் தண்ணியைப் பத்தித்தான். விஷம் மேல பட்டா, மூக்குல ஏறினா, கண்ணுல தெறிச்சா, முதல் கால் மணி நேரம் என்ன செய்யணும்? யார் செய்யணும்? அதுக்கு வேண்டியதை யார் வாங்கி வைக்கணும்? இந்த மூணு கேள்விக்கும் நம்ம ஊர்ல பதில் இல்லை. பதில் இல்லாம இருக்கிறது தற்செயல் இல்லைங்கிறதுதான் என் வழக்கு.

காடும் ஒரு வேலைத்தலம்தான்

ஒரு தொழிற்சாலைல 150 பேர் வேலை செஞ்சா ஒரு முதலுதவிப் பெட்டி கட்டாயம் இருக்கணும்னு 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 2025 வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தது. வேலை நடக்குற நேரம் பூரா அது கைக்கெட்டுற இடத்துல இருக்கணும்னும் சொன்னது. நூல் மில்லுல விரல் வெட்டுப்பட்டா பஞ்சும் டிஞ்சரும் இருக்கு. ஆனா ஒரு நாளைக்கு 15 டேங்க் விஷத்தை முதுகுல சுமந்து அடிக்கிறவனுக்கு ஒரு சோப்புத் துண்டு கிடையாது. ஏன்னா அவன் நிக்கிற இடம் தொழிற்சாலை இல்லையாம், காடாம். விஷத்துக்கு மட்டும் அது தொழிற்சாலைக் கதவா, வரப்பான்னு வித்தியாசம் தெரியுமா?

சரி, பூச்சிக்கொல்லிக்குன்னு தனிச் சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 1968-ல சட்டம் போட்டாங்க, 1971-ல விதிகள் போட்டாங்க. அந்த விதிகளை வேலை மெனக்கெட்டுப் படிச்சா மனசு நிறைஞ்சு போகும். விஷம் தாக்கினா டாக்டரைக் கூப்பிடுறதுக்கு முன்னாலேயே முதலுதவி செய்யணும்னு 38-வது விதி சொல்லுது. வேலையாட்களுக்கு விஷத்தோட விளைவையும் முதலுதவியையும் சொல்லித் தரணும்னும் அதே விதி சொல்லுது. மருந்து தயாரிக்கிறவங்க, விநியோகம் பண்றவங்க, தொழிலாவே மருந்து தெளிக்கிறவங்க, இவங்க எல்லாரும் முதலுதவிப் பொருளும் முறிவு மருந்தும் இருப்பு வச்சிருக்கணும்னு 41-வது விதி. பயிற்சி தரணும்னு 42-வது விதி.

படிக்கப் படிக்க நல்லாத்தான் இருக்கு. இப்ப எங்க ஊருக்கு வாங்க. டேங்குக்கு இவ்வளவுன்னு கூலி பேசிக்கிட்டு, சொந்த ஸ்பிரேயரைத் தோள்ல மாட்டிக்கிட்டு, காடு காடாப் போய் அடிக்கிற ஆளு இந்த விதியில எங்க வர்றார்? அவருக்கு முதலாளி யாரு? காட்டுக்காரரைக் கேட்டா, "நான் டேங்க் கணக்குக்குக் காசு கொடுத்தேன், அவரு பாடு"ம்பார். மருந்துக்கடைக்காரர், "நான் வித்தேன், அவ்வளவுதான்"ம்பார். கம்பெனி, "லேபிள்ல எல்லாம் போட்டிருக்கோமே"ங்கும். அதிகாரி, "விழிப்புணர்வு முகாம் நடத்திட்டோம்"ம்பார். எல்லார் கையும் சுத்தம். அடிச்சவன் கைதான் விஷம்.

2017-ல நடந்ததை மறந்துராதீங்க

அந்த வருஷம் மகாராஷ்டிராவுல யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்தடிச்சவங்க 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. கண் பார்வை மங்கிப் போனவங்களும் உண்டு. அதே பருவத்துல நம்ம பெரம்பலூர்ப் பக்கமும் பருத்திக்கு மருந்தடிச்சவங்க இறந்தாங்க. அப்ப டீக்கடை டீக்கடையா என்ன பேசினாங்கன்னு ஞாபகம் இருக்கா? "பாதுகாப்பு உடை போடலை, காத்துக்கு எதிரா அடிச்சிருக்காங்க, ரெண்டு மூணு மருந்தைக் கலந்திருக்காங்க." ஆக, செத்தவன் மேலதான் குத்தம்.

அதுல ஒரு வார்த்தையும் பொய்யில்லை. காத்துக்கு எதிரா அடிச்சா முகத்துலதான் படும். பருத்தி ஆள் உசரத்துக்கு வளர்ந்துட்டா தலைக்கு மேல அடிக்க வேண்டியிருக்கும், அது மேலேயே இறங்கும். ஆனா ஒரு கேள்விக்கு யாரும் வாய் திறக்கலை. மேல பட்ட அந்த மருந்தை அஞ்சு நிமிஷத்துல கழுவிவிட அந்தக் காட்டுல என்ன இருந்தது? நனைஞ்ச சட்டையைக் கழட்டிட்டு மாத்த ஒரு துணி இருந்ததா? தலை சுத்துதுன்னு சொன்ன உடனே இது வெயில் மயக்கமா விஷமான்னு பார்க்கத் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல இருந்தாரா? விபத்து நடந்ததுக்கு அடிச்சவன் காரணமா இருக்கலாம். ஆனா விபத்து சாவா மாறுறதுக்கு நடுவுல ஒரு நேரம் இருக்கு. அந்த நேரத்துக்கு யாரும் பொறுப்பு எடுத்துக்கலை.

பாதுகாப்பு உடையைப் பத்தியும் சொல்லிடறேன். கையுறை வேண்டாம், மாஸ்க் வேண்டாம்னு நான் சொல்லலை. ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, கால் மூடுற பேண்ட், கண்ணுக்குக் கண்ணாடி, இவ்வளவும் கட்டாயம் வேணும். ஆனா தலையிலிருந்து கால் வரைக்கும் மூடுற பிளாஸ்டிக் உடையைப் போட்டுக்கிட்டு எங்க கரிசக்காட்டு வெயில்ல 15 டேங்க் அடிக்கச் சொல்றவங்க, முதல்ல ஒரு டேங்க் அடிச்சுக் காட்டட்டும். ரெண்டாவது டேங்குல வெயில் மயக்கத்துலயே விழுந்துருவாங்க. நம்ம ஊர் உடம்புக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும் ஆகாத ஒண்ணைச் சொல்லிட்டு, அதைப் போடலைன்னு நம்ம மேலயே பழி போடறது சுலபம். மூடி சரியில்லாத, வாஷர் தேஞ்ச டேங்கைப் பத்தி யாராவது பேசறாங்களா? அந்த டேங்க்லேருந்து மருந்து சொட்டுச் சொட்டா முதுகுல வழிஞ்சு, இடுப்புத்துணி நனைஞ்சு, தொடை இடுக்குல போய் நிக்கும். உள்ளங்கையை விட அக்குளும் தொடை இடுக்கும் விதைப்பையும் தலைத்தோலும் விஷத்தை வேகமா உறிஞ்சும். நனைஞ்ச துணியோட நாள் பூரா நடக்கிறவன் மூக்கு வழியா வாங்குறதை விடத் தோல் வழியா வாங்குறது அதிகம். இதை எங்க ஆளுகளுக்கு எத்தனை பேர் சொல்லிக்கொடுத்திருக்காங்க?

விழுந்தவனுக்கு நம்ம ஊர் செய்யற வைத்தியம்

மூணு வருஷத்துக்கு முன்னால எங்க ஊர்ல ஒரு தம்பி, டேங்க் கணக்குக்கு மருந்தடிக்கிறவர், மத்தியானம் சோளக்காட்டுல சுருண்டுட்டார். வேப்பமரத்து நிழல்ல தூக்கிப் போட்டாங்க. முதல்ல மோர் ஊத்தினாங்க. வாயில நுரை தள்ளினதும் ஒருத்தர் உப்புத்தண்ணி கலக்கினார். இன்னொருத்தர் புளியைக் கரைச்சார். "வாந்தி எடுத்தாச் சரியாப்போயிரும்"னு தொண்டைக்குள்ள விரலை விட்டாங்க. முக்கா மணி நேரம் இப்படியே போச்சு. அந்த முக்கா மணி நேரமும் மருந்துல ஊறின சட்டை அவர் உடம்பு மேலயே கிடந்தது! பத்தடியில பம்புசெட்டுத் தொட்டி நிறையத் தண்ணி. ஒருத்தருக்கும் அதுல குளிப்பாட்டத் தோணலை. அப்புறம் மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. ஆறு நாள் கழிச்சுப் பிழைச்சு வந்தார். அது அவர் ஆயுசு கெட்டி. நம்ம வைத்தியத்துனால இல்லை.

அங்க இருந்த ஒருத்தரும் கெட்டவங்க இல்லை. எல்லாரும் பதறிப்போய், பாசத்தோட செஞ்சதுதான். ஆனா பாசம் விஷத்தை முறிக்காது. அதனால இந்த வைத்தியங்களை ஒவ்வொண்ணா எடுத்து உடைக்க வேண்டியிருக்கு. யாருக்காவது கோவம் வந்தா வரட்டும்.

மோர், பால், இளநீர், எலுமிச்சைச் சாறு: மயக்கத்துல இருக்கிறவன் வாயில எதை ஊத்தினாலும் அது வயித்துக்குப் போகுமா நுரையீரலுக்குப் போகுமான்னு சொல்ல முடியாது. நுரையீரல்ல போனா அதுவே ஆளைக் கொன்னுரும். பாலும் எண்ணெயும் இன்னும் மோசம். பல பூச்சிமருந்து கொழுப்புல கரையக்கூடியது, உள்ள போறதுக்கு நாமளே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிரும். அதோட, தோல் வழியா ஏறின விஷத்துக்கு வயித்துல மோர் என்ன செய்யும்?

உப்புத்தண்ணி: அதிகமாக் குடுத்தா ரத்தத்துல உப்பு ஏறி அதுவே ஆபத்து.

வாந்தி எடுக்க வைக்கிறது: "ஈசி"ன்னு டப்பாவுல போட்டு வர்ற மருந்துகள்ல மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் இருக்கும். வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கினா நுரையீரல் வெந்துரும். டாக்டர் சொல்லாம வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. சாணித்தண்ணி கரைச்சு ஊத்துறதைப் பத்தித் தனியாச் சொல்லணுமா?

சாராயம்: "மருந்தடிச்ச அலுப்புக்கு ஒரு கட்டிங் போட்டா விஷம் இறங்கிரும்"னு ஒரு பேச்சு இருக்கு. ஒரு விஷமும் இறங்காது. தலைசுத்தலும் தள்ளாட்டமும் வந்தா, குடிச்சதுனாலன்னு வீட்டுல படுக்க வச்சிருவாங்க. அங்கதான் ஆள் போறது.

சரியான முதலுதவி இவ்வளவுதான்

பெரிய படிப்பு வேண்டாம். பத்தாவது படிச்ச எனக்குப் புரிஞ்சது உங்களுக்கும் புரியும். இதை எழுதி பம்புசெட்டு ரூம் சுவத்துல ஒட்டிக்கோங்க.

1. முதல்ல உதவி செய்யறவன் கையைக் காப்பாத்திக்கணும். ரப்பர் கையுறை, இல்லாட்டி பிளாஸ்டிக் பையைக் கையில மாட்டிக்கோங்க. அவன் சட்டையில இருக்கிற விஷம் உங்களையும் பிடிக்கும்.

2. ஆளை மருந்தடிச்ச இடத்தை விட்டுக் காத்தோட்டமான இடத்துக்குக் கொண்டு வாங்க.

3. நனைஞ்ச துணி எல்லாத்தையும் கழட்டுங்க. உள்துணி, செருப்பு, அரைஞாண் கயிறு, வாட்ச் உள்பட. வெட்கம் பார்க்கிற நேரம் இல்லை. அவசரத்துக்கு அறுத்து எடுத்துருங்க.

4. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷத்துக்குக் குறையாமக் கழுவுங்க. தலைமுடி, காது மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, நகக்கண் எல்லாம். அழுத்தித் தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சா விஷம் இன்னும் வேகமா ஏறும்.

5. கண்ணுல பட்டிருந்தா இமையை விரிச்சுப் பிடிச்சு, சுத்தமான தண்ணியை 15 நிமிஷம் மெதுவா ஊத்திக்கிட்டே இருங்க. கண்ணைக் கசக்க விடாதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

6. கழுவிக்கிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் 108-க்குப் போன் பண்ணணும். ஒருத்தர் கழுவ, ஒருத்தர் போன். கழுவி முடிச்சுட்டுப் போன் பண்ணலாம்னு இருக்காதீங்க. ஆளுக்கு மூச்சு முட்டினா, ஆம்புலன்ஸ் வந்துட்டா, கழுவலை முடிக்கணும்னு ஏத்தாம வச்சிருக்கவும் கூடாது.

7. மயக்கமா இருந்து மூச்சு மட்டும் வந்தா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எச்சிலும் வாந்தியும் வெளிய வழியட்டும். வாயில எதையும் ஊத்தாதீங்க. மூச்சே நின்னு போச்சுன்னா நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிக்கிட்டே இருங்க, 108 வர்ற வரைக்கும் விடாதீங்க. வாயோட வாய் வச்சு ஊத வேண்டாம், அவர் வாயில விஷம் இருக்கலாம்.

8. டப்பாவையும் அதோட வர்ற மடிப்புச் சீட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. இதுதான் டாக்டருக்குப் பாதி வைத்தியம்.

டெல்லி எய்ம்ஸ்ல விஷத் தகவல் மையம் ஒண்ணு இருக்கு, 1800 116 117, காசில்லாத நம்பர். உள்ளூர் டாக்டருக்கே சந்தேகம் வந்தாலும் அங்க கேட்கலாம். இந்த நம்பர் நம்ம ஊர் மருந்துக்கடைகள்ல ஒண்ணுலயாவது எழுதிப் போட்டிருக்கான்னு பாருங்க. கம்பெனி காலண்டர் மட்டும் நாலு தொங்கும்.

வெயில் மயக்கமா விஷமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாஸ்பரஸ் வகை மருந்துன்னா கண்ணுமணி குண்டூசி முனை மாதிரி சுருங்கும். எச்சில் வடியும், கண்ணுல தண்ணி கொட்டும், வேர்வை ஆறா ஓடும். வயித்தைப் பிசையும், பேதி ஆகும். கண் இமையும் சதையும் துடிக்கும், நெஞ்சு இறுகும். இதுல ரெண்டு தெரிஞ்சாலே கிளம்பிருங்க, எல்லாம் வரட்டும்னு காத்திருக்காதீங்க. மத்தியானம் அடிச்சதுக்கு ராத்திரிதான் தெரியும்கிறதும் உண்டு. அதனால மருந்தடிச்சுட்டு வந்த ஆளை அன்னைக்கு ராத்திரி வீட்டுல ஒருத்தர் கவனிச்சுக்கணும்.

லேபிள் யாருக்கு?

ஒவ்வொரு டப்பாவுலயும் முக்கோணம் ஒண்ணு இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. எலிக்குக் கொடுத்துப் பார்க்கும்போது அதோட உடம்பு எடையில கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள்ளேயே பாதி எலி செத்தா சிவப்பு. 51-லேருந்து 500 வரைக்கும் மஞ்சள். 501-லேருந்து 5000 வரைக்கும் நீலம். அதுக்கு மேல பச்சை. எலிக்கணக்கை அப்படியே மனுஷனுக்குப் போட முடியாது. இருந்தாலும் 60 கிலோ ஆளுக்குப் பெருக்கிப் பாருங்க, சிவப்புக்கு எல்லை வெறும் 3 கிராம். பச்சைன்னா சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லை. நம்ம ஊர்ல பாதிப் பேர் பச்சை முக்கோணத்தை மூலிகைன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நாம வச்ச பேரே அப்படித்தானே? விஷத்துக்கு மருந்துன்னு பேரு.

அந்த மடிப்புச் சீட்டை விரிச்சுப் பார்த்திருக்கீங்களா? பல மொழியில, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. தமிழ் எங்கேயோ ஒரு மூலையில இருக்கும். அந்தத் தமிழ் தமிழனுக்குப் புரியாது. அறிகுறி, முதலுதவி, முறிவு மருந்து எல்லாம் அதுலதான் இருக்கு. கண்ணாடி போட்ட எனக்கே வெயில்ல அதைப் படிக்க முடியலை. பூச்சி சாகும்னு சொல்ற எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு. மனுஷன் பிழைக்கிறதுக்கு உள்ள எழுத்து கடுகு அளவு. இதை விதி மீறல்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா எல்லாம் அச்சடிச்சிருக்கு. படிக்க முடியாத மாதிரி அச்சடிக்கிறதும் மறைக்கிற வேலைதான்.

சிவப்பு முக்கோண மருந்துல ஒண்ணு மோனோகுரோட்டோபாஸ். 2013-ல பீகார்ல பள்ளிக்கூடத்து மதிய சாப்பாட்டுல அது கலந்து 23 குழந்தைங்க செத்தாங்க. அதோட 36 சதக் கரைசலைத் தடை செஞ்சு மத்திய அரசு ஆணை போட்டது எப்ப தெரியுமா? 2023-ல. நடுவுல பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் அதைத் தோள்ல சுமந்து அடிச்சது யாரு?

பாஸ்பரஸ் வகைக்காவது அட்ரோபின்னு முறிவு ஊசி இருக்கு. பழைய மருந்து, விலையும் அதிகம் இல்லை. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. உள்ள போனவன் முதல் ஒண்ணு ரெண்டு நாள் நல்லாப் பேசிக்கிட்டு இருப்பான், அப்புறம் நுரையீரல் போயிரும். முறிவே இல்லாத விஷத்தை, ஒரு வார்த்தை எச்சரிக்கை சொல்லாம, தவிட்டு மூட்டை மாதிரி விக்கிறாங்க.

"குடிச்சாரா?"

ஆஸ்பத்திரி வாசல்ல கேட்கிற முதல் கேள்வி இதுதான். நான் மேல சொன்ன தம்பிக்கும் அதுதான் நடந்தது. அவர் சம்சாரம், "எங்க வீட்டுக்காரர் குடிக்கலைங்க, கூலிக்கு மருந்தடிச்சாருங்க"ன்னு அழுதுக்கிட்டே நாலு பேர்கிட்ட நாலு தடவை சொன்னாங்க. சீட்டுல விஷம் அருந்தியதாகத்தான் ஏறுச்சு. அப்புறம் போலீஸ் விசாரணை, ஊர்ல பேச்சு, "குடும்பத்துல என்ன சண்டையோ"ன்னு. பிழைச்சு வந்தவருக்கு அவமானம்தான் மிச்சம்.

இது வெறும் மானப் பிரச்சினை இல்லைங்க. தற்கொலை முயற்சின்னு ஏறிட்டா வேலையில நடந்த விபத்துங்கிற பேச்சே அடிபட்டுப் போகும். நிவாரணம் கேட்க வழி இல்லை, காட்டுக்காரருக்கும் பொறுப்பு இல்லை, மருந்துக் கம்பெனி கணக்குலயும் வராது. போலீஸ் வரும்னு பயந்துக்கிட்டே எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகாம வீட்டுல மோர் ஊத்திக்கிட்டு இருக்காங்க. பூச்சிக்கொல்லியால யாருக்கு விஷம் ஏறினாலும் அதைத் தெரிவிக்கணும்னு உத்தரவு போட 1968 சட்டத்தோட 26-வது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. அந்தக் கணக்கு நேர்மையா எழுதப்பட்டா, எந்த மருந்து எத்தனை பேரைச் சாய்ச்சதுன்னு வெட்ட வெளிச்சமாத் தெரியும். கணக்கு இல்லைன்னா குத்தமும் இல்லை.

அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஆளைக் கொண்டு போனதும், "தோட்டத்தில் கூலிக்கு மருந்து தெளிக்கும்போது" அப்படிங்கிற வார்த்தையைச் சீட்டுல எழுதச் சொல்லிக் கேளுங்க. எழுதினதைப் படிச்சுப் பாருங்க. இன்னொண்ணும் சொல்லணும். நிஜமாவே ஒருத்தர் மனசு ஒடைஞ்சு குடிச்சிருந்தாலும் போலீஸுக்குப் பயந்து மறைக்காதீங்க. அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது. எந்த விஷம், எவ்வளவு, எப்பங்கிற உண்மை தெரிஞ்சாத்தான் டாக்டர் காப்பாத்த முடியும்.

"நானே கடன்ல இருக்கேன்"

சின்ன விவசாயிங்க சொல்ற பதில் இது. நானும் ரெண்டரை ஏக்கர்க்காரன்தான், கடன் எனக்கும் இருக்கு. ஆனா கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் மருந்துக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கிறோம். ஒரு கட்டி சோப்பு, ரெண்டு குடம் தண்ணி, ஒரு பழைய லுங்கி, ஒரு ஜோடி ரப்பர் கையுறை. எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு லிட்டர் மருந்து விலை வராது. எங்க காட்டுல மருந்தடிக்க ஆள் வந்தா, இந்தச் சாமான் வரப்புல வந்த பிறகுதான் மருந்து டப்பாவைத் திறக்கிறது. முதல் ரெண்டு தடவை ஆளுகளே சிரிச்சாங்க. இப்ப அடுத்த காட்டுக்குப் போனா அவங்களே கேட்கிறாங்க, "சோப்பு எங்கண்ணே?"ன்னு.

ஆள் கூலிக்கு வந்தவர், பாதிப்பேர் நிலமே இல்லாதவங்க. அவர் நம்ம பயிருக்காகத்தான் அந்த விஷத்துல நனையறார். சாயங்காலம் அவரைக் குளிக்கச் சொல்லி நம்ம தொட்டித் தண்ணியைத் திறந்து விடறதுல கௌரவம் பார்க்கிற ஆளுங்களும் ஊர்ல இருக்காங்க. அவங்களுக்கு ஒரே வார்த்தை. உங்க சோளத்தைக் காப்பாத்த ஆகுற கை, உங்க தொட்டியில கழுவ ஆகாதா?

"இயற்கை விவசாயத்துக்கு மாறிட்டா இந்தத் தொல்லையே இல்லையே"ன்னு டவுன்லேருந்து சில நண்பர்கள் எழுதுவாங்க. நல்ல யோசனை. வேப்பங்கொட்டைக் கரைசல் நானும் அடிக்கிறேன். ஆனா ஊர் முழுக்க மாறுற வரைக்கும் இந்தப் பருவத்துல மருந்தடிக்கப் போற ஆளுக்கு என்ன பதில்? நாளைக்குச் சாலை நல்லாப் போட்டுருவோம்னு இன்னைக்கு அடிபட்டவனை ரோட்டுல விட்டுட்டுப் போக முடியுமா?

கேட்க வேண்டியது

சும்மா திட்டிட்டுப் போறதுல பிரயோஜனம் இல்லை. அடுத்த கிராம சபையில இதை எழுதிக் கொடுக்கப் போறேன், நீங்களும் உங்க ஊர்ல கொடுங்க.

மருந்துக்கடை ஒவ்வொண்ணுலயும் அறிகுறியும் முதலுதவியும் பெரிய எழுத்துல, பேச்சுத் தமிழ்ல போர்டா எழுதி வைக்கணும், 108-ம் விஷத் தகவல் நம்பரும் சேர்த்து. பில்லோட மருந்து பேரும் முக்கோணத்து நிறமும் எழுதித் தரணும். சிவப்பு, மஞ்சள் முக்கோணம் வாங்குறவங்களுக்குக் கையுறையும் சோப்பும் கம்பெனி செலவுல கூடவே தரணும். காலண்டரும் டீ சர்ட்டும் தர முடியுதில்லையா? பருவம் தொடங்குறதுக்கு முன்னால ஆரம்ப சுகாதார நிலையத்துல அட்ரோபின் இருப்பு இருக்கான்னு பார்த்து, அதை வெளிய எழுதிப் போடணும். டேங்க் கணக்குக்கு அடிக்கிறவங்களைப் பஞ்சாயத்துல பேர் பதிஞ்சு, வேளாண்மைத் துறையும் 108 ஆளுகளும் சேர்ந்து ஒரு நாள் செஞ்சு காட்டுற பயிற்சி கொடுக்கணும். மேடை போட்டுப் பேசுற பயிற்சி வேண்டாம், பம்புசெட்டுல வச்சுக் கழுவிக் காட்டுற பயிற்சி.

இதெல்லாம் நடக்க நாளாகும், எனக்குத் தெரியும். ஆனா சோப்புக்கும் தண்ணிக்கும் எந்த அரசாணையும் வேண்டாம். நாளைக்குக் காலையில உங்க காட்டுல மருந்தடிக்க ஆள் வந்தா, டேங்க் தோள்ல ஏறுறதுக்கு முன்னால குடம் வரப்புக்கு வந்தாகணும். வரலைன்னா அன்னைக்கு மருந்தடிக்க வேண்டாம். ஒரு நாள் புழு தின்னா நாலு குருத்துதான் போகும்.